பள்ளிக்கு ஏஐ: கையில் ஐந்து லட்சம் இருந்தால் எதற்குக் கொடுக்கலாம்?

அரசுப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்கள் ஒன்றுகூடி, பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று பேசினால், கழிவறை, சுற்றுச்சுவர், மேசை நாற்காலிக்கு அடுத்து இப்போது வரும் பேச்சு ஏஐதான். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் வந்த பிறகு பணம் கொடுக்கும் வழியும் சுலபமாகிவிட்டது. ஆனால் ஏஐ என்ற பெயரில் எதை வாங்கித் தருவது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். ஒருவர் டேப்லெட் என்பார், இன்னொருவர் ரோபாட்டிக்ஸ் லேப் என்பார், மூன்றாமவர் சாட்ஜிபிடி சந்தா என்பார்.

பள்ளியில் ஏஐ வேண்டும் என்பது என் கட்சி. டியூஷனுக்குப் பணம் இல்லாத, வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு ஒரு சந்தேகத்தை மூன்று விதமாக விளக்கிச் சொல்லும் கருவி கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஏற்கெனவே அதை வீட்டில் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரை எந்த வடிவில் என்பதைப் பற்றி மட்டும்.

கணக்குக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பத்து வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி. 250 பிள்ளைகள், 11 ஆசிரியர்கள், அரசு கொடுத்த ஹைடெக் லேப் (கணினி அறை) ஒன்று. பழைய மாணவர்கள் சேர்த்த பணம் ஐந்து லட்சம். நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: பிள்ளைகள் கையிலேயே கருவியும் சாட்பாட்டும் கொடுப்பது; லேபில் பிள்ளையின் நிலைக்கு ஏற்ப மாறும் பயிற்சி மென்பொருள் போடுவது; ஆசிரியர்களுக்கு ஏஐ துணையும் பயிற்சியும் கொடுப்பது; ஏஐ, ரோபாட்டிக்ஸை ஒரு பாடமாக நடத்த உதவுவது.

முதல் வழிதான் பார்க்க அழகாக இருக்கும். டேப்லெட் வழங்கும் விழா, புகைப்படம், பெற்றோர் முகத்தில் சந்தோஷம். ஒரு டேப்லெட் 12,000 ரூபாய் என்று வைத்தால் 40 பேருக்கே 4,80,000 ஆகிவிடும். மீதி 210 பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. பெரு நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணினிகள் போயின. 319 பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 15 மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் தெரியவில்லை. கருவி வந்தது, கற்பிக்கும் முறை மாறவில்லை என்பதே அங்கே நடந்தது.

அது சாட்பாட் இல்லாத காலம், இப்போது நிலைமை வேறு என்று சொல்லலாம். சரி, சாட்பாட் கொடுத்துச் செய்த ஆய்வையே பார்ப்போம். துருக்கியில் ஒரு பள்ளியில் 9 முதல் 11 வரை படிக்கும் ஏறத்தாழ 1,000 மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டாவது பிரிவுக்கு, சாட்ஜிபிடியின் பின்னால் இயங்கும் ஜிபிடி-4 அப்படியே. மூன்றாவது பிரிவுக்கு அதே ஜிபிடி-4, ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களை வைத்துத் திருத்தி அமைத்தது. கணக்குப் பயிற்சி நடக்கும்போது இரண்டாவது பிரிவு 48 சதவீதமும் மூன்றாவது பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தன. பிறகு எல்லாக் கருவியையும் எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாட்பாட்டை அப்படியே பயன்படுத்தியவர்கள், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் வாங்கிய பிரிவுக்கு அந்த நஷ்டம் ஏற்படவில்லை. ஆனால் தேர்வில் பெரிய லாபமும் இல்லை.

இதில் என்னை உறுத்துவது அந்த 17 சதவீதம் மட்டுமல்ல. பயிற்சியின்போது பிள்ளை நன்றாகச் செய்வதாகவே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வீட்டுப்பாட நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். தேர்வுத்தாள் கையில் வரும்வரை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒன்றும் தெரியாது.

நைஜீரியாவின் பெனின் நகரத்தில் நேர் எதிரான முடிவு வந்தது. 2024 ஜூன், ஜூலையில், பள்ளி விட்ட பிறகு, ஆறு வாரம், பிள்ளைகளை லேபில் உட்காரவைத்து மைக்ரோசாப்ட் கோபைலட் மூலம் ஆங்கிலம் கற்பித்தார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் அளந்ததில் மதிப்பெண் 0.3 திட்ட விலகல் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதன் அளவு) உயர்ந்தது. ஆறு வாரத்துக்கு அது கணிசமானது. இங்கும் பிள்ளைகள் கையில் இருந்தது சாட்பாட்தான். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியர் நின்றார். அன்றைக்கு என்ன பேச வேண்டும், முதல் கேள்வியை எப்படிப் போட வேண்டும் என்பதை முன்னாடியே எழுதி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒரே தொழில்நுட்பம் ஓரிடத்தில் கெடுத்தது, ஓரிடத்தில் உதவியது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்றாரா, வேலை திட்டமிடப்பட்டிருந்ததா என்பவற்றில்தான் நான் வித்தியாசத்தைப் பார்க்கிறேன். டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இரண்டுமே கைவிட்டுப் போகும்.

அப்புறம் சட்டம். சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. 13 முதல் 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்த 13 வயதையே கீழ் எல்லையாக வைக்கச் சொல்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் தேவை. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாமே கணக்குத் திறந்து கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்தாலும் தவறுதான். இந்த வழியை நான் முதல் ஆண்டில் தொடவே மாட்டேன்.

இரண்டாவது வழி லேப் மென்பொருள். இதற்கு இந்தியாவிலேயே உறுதியான சான்று இருக்கிறது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துக் குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு நடந்தது. 4 முதல் 9 வரை படிக்கும் 619 பிள்ளைகள், நாலரை மாதம். கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட முடிவுப்படி கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலகல் முன்னேற்றம். புரியும்படி சொன்னால், நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை கணக்கில் ஏறத்தாழ 64 பேரைத் தாண்டி நிற்கும் அளவுக்கு.

இந்தப் பலன் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அந்த ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கி இருந்தார்கள். பாடப்புத்தகம் ஆறாம் வகுப்பில் நிற்கிறது, பிள்ளை மூன்றாம், நான்காம் வகுப்பில் நிற்கிறது. ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாற்பது பேருக்கு நாற்பது இடத்திலிருந்து பாடம் தொடங்க முடியாது. மென்பொருளால் அது முடிகிறது. மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று நம் பள்ளிகளில் பட்டியல் போட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான உதவி. வகுத்தல் வராமல் இயற்கணிதத்துக்குள் தள்ளப்பட்ட பிள்ளை, யாருக்கும் தெரியாமல், வெட்கப்படாமல், நான்காம் வகுப்புக் கணக்கிலிருந்து ஏறி வர முடிகிறது.

ஆனால் அந்த ஆய்வு பள்ளி நேரத்துக்கு வெளியே, தனி மையங்களில் நடந்தது. ஒரு நாள் 90 நிமிடம். அதில் பாதிதான் கணினி. மீதிப் பாதியில் சிறு குழுவாக உட்கார்ந்து ஓர் உதவி ஆசிரியரிடம் படித்தார்கள். நம் லேபில் இதே பலன் வர வேண்டுமென்றால் வாரத்துக்கு எத்தனை பாடவேளை கிடைக்கும் என்று எச்.எம்.மிடம் முதலில் கேட்க வேண்டும். ஹைடெக் லேபில் இணையவழித் தேர்வு, பயிற்சி, எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) வேலை என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். வகுப்பில் 45 பேர், ஓடும் கணினி 10 அல்லது 15 என்றால் மூன்று முதல் ஐந்து பிரிவாகத்தான் போக முடியும். யுபிஎஸ் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது, மழைக்காலத்தில் இணையம் எப்படி என்பதையும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். விற்க வருகிறவர் காட்டும் செயல்விளக்கத்தில் இதெல்லாம் தெரியாது.

இன்னொன்று மொழி. மென்பொருள் தமிழில் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். பட்டன்கள் மட்டும் தமிழிலா, கணக்கின் விளக்கமும் தமிழிலா, தவறு செய்தால் வரும் குறிப்பும் தமிழிலா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைக் கூடவே உட்காரவைத்து அரைமணி நேரம் பார்த்தால் போதும், எங்கே திணறுகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வழியில் புகைப்படம் எடுக்க ஒன்றும் இருக்காது. ஆசிரியர் தன் போனில் அல்லது கணினியில் உட்கார்ந்து பாடக்குறிப்பு தயாரிப்பார், பயிற்சித்தாள் உருவாக்குவார், அவ்வளவுதான். இருந்தாலும் முதல் பணம் இங்கேதான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் 68 பள்ளிகளின் 259 அறிவியல் ஆசிரியர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்குச் சாட்ஜிபிடியும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற கையேடும். மீதிப்பேர் வழக்கம்போல. கருவி வைத்திருந்தவர்களுக்குப் பாடம் தயாரிக்கும் நேரம் 31 சதவீதம் குறைந்தது, வாரத்துக்கு ஏறத்தாழ 25 நிமிடம். யார் தயாரித்தது என்று தெரியாமல் நிபுணர் குழு பாடங்களைப் பார்த்தபோது தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 25 நிமிடம் அதிகமில்லைதான். ஆனால் நம் ஆசிரியர் ஒருவர் எமிஸ் பதிவு, நலத்திட்டப் பட்டியல் என்று எத்தனை வேலை பார்க்கிறார் என்று அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மதுரைப் பக்கம் ஓர் அறிவியல் ஆசிரியரைக் கேட்டாலும் நாகப்பட்டினத்தில் கேட்டாலும், நேரம் இருந்தால் பிள்ளைகளோடு கூடுதலாக உட்காருவேன் என்றுதான் சொல்வார்.

நேரத்தைவிடப் பெரிய பலன் ஒன்று அமெரிக்காவில் தெரிந்தது. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2024இல், 900 டியூட்டர்கள், 1,800 பிள்ளைகளை வைத்து 'டியூட்டர் கோபைலட்' என்ற கருவியைச் சோதித்தார்கள். பிள்ளை அதைப் பார்க்கவே பார்க்காது. டியூட்டருக்கு மட்டும், இந்த இடத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள் என்று ஆலோசனை வரும். பிள்ளைகள் பாடத்தில் தேர்ச்சி பெறும் வாய்ப்பு சராசரியாக 4 சதவீதப் புள்ளி கூடியது. மதிப்பீட்டில் கீழே இருந்த டியூட்டர்களிடம் படித்த பிள்ளைகளுக்கு 9 புள்ளி. விடையைச் சொல்லிக்கொடுப்பது குறைந்து, யோசிக்கவைக்கும் கேள்வி கேட்பது கூடியது. செலவு ஒரு டியூட்டருக்கு ஆண்டுக்கு 20 டாலர்தான். அனுபவம் குறைந்தவர்களுக்குக் கருவி அதிகம் உதவியது என்பது நம் ஊருக்கு முக்கியம். கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்து அறிவியல் ஆசிரியர் கணக்கு எடுக்கும் பள்ளிகள் இங்கே உண்டு.

நம் பக்கத்திலேயே கேரளம் இதைச் செய்திருக்கிறது. அங்கே பள்ளித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கைட் என்ற அரசு நிறுவனம் 2024 மே மாதம் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்கள் 80,000 பேருக்கு மூன்று நாள் ஏஐ பயிற்சி என்று தொடங்கியது. எஸ்டோனியா 2025 செப்டம்பரில் 20,000 மாணவர்களுக்கு ஏஐ திட்டம் தொடங்கியபோதும் ஆசிரியர் பயிற்சியை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

செலவைப் பாருங்கள். மாதம் 399 ரூபாய்ச் சந்தா என்று எடுத்தால் 11 ஆசிரியர்களுக்கு ஓராண்டுக்கு 52,668 ரூபாய். இலவசச் சலுகைகளும் வருகின்றன. 2025 நவம்பர் 4இலிருந்து இந்தியாவில் சாட்ஜிபிடி கோ சந்தா ஓராண்டுக்கு இலவசம் என்று கொடுத்தார்கள். கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். இலவச ஆண்டு முடிந்ததும் பள்ளி தவிக்கக் கூடாது. பணத்தில் பெரும் பங்கு பயிற்சிக்குப் போகட்டும். ஒருநாள் கூட்டம் போட்டுப் பிரியாணியோடு முடிப்பது பயிற்சி இல்லை. மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், ஆசிரியர்கள் தாங்கள் உண்மையில் எடுக்கப்போகும் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காட்டிச் செய்து பார்ப்பதுதான் பயிற்சி.

இதில் ஆபத்துகளும் இருக்கின்றன, ஆசிரியர் அவற்றைத் தெரிந்துதான் தொட வேண்டும். ஏஐ தமிழில் சரளமாக எழுதும். சரளமாக இருப்பதால் தவறு கண்ணில் படாது. இணையத்தில் உள்ள இலங்கைப் பாடநூல் தமிழும் நம் பாடநூல் தமிழும் அதற்குக் கலந்து வரலாம். நம் இயற்பியலில் நிறை வேறு, எடை வேறு. இலங்கையில் நம் எடையைத்தான் நிறை என்பார்கள். ஒரு பயிற்சித்தாளில் இது மாறி வந்தால் பிள்ளையின் அடிப்படையே குழம்பும். அதனால் ஏஐ கொடுத்த எதையும் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளையின் பெயர், எமிஸ் எண், பெற்றோர் போன் எண் எதையும் அதில் தட்டக் கூடாது. கையெழுத்து விடைத்தாளைப் படம்பிடித்து மதிப்பெண் போடச் சொல்லவும் கூடாது. பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு ஆசிரியர்தான் பொறுப்பு.

நான்காவது வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏஐ என்றால் என்ன, அது எப்படித் தவறு செய்கிறது, போலிப் படத்தை எப்படிச் சந்தேகிப்பது என்று பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். சிபிஎஸ்இ 2019-20இலேயே ஒன்பதாம் வகுப்பில் ஏஐயை ஒரு பாடமாகக் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் டிஎன் ஸ்பார்க் என்ற பெயரில் அரசே நடுநிலை வகுப்புகளுக்கு ஏஐ, ரோபாட்டிக்ஸ் பாடம் கொடுக்கிறது. அரசு செய்யும் வேலைக்கு மேல் நாம் லட்சக்கணக்கில் ரோபோ பெட்டிகள் வாங்கித் தருவதில் எனக்கு விருப்பமில்லை. நடத்த ஆள் இல்லாவிட்டால் அவை பீரோவுக்குள் போய்விடும்.

நான்கையும் பார்த்த பிறகு, ஐந்தாவதாக ஒன்றையும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. ஏஐ இல்லாமலேயே அந்தப் பணத்தை ஓர் ஆளுக்குக் கொடுத்தால்? 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இழந்ததையும் மீட்டதையும் அளந்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு இழப்பு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் தெரிந்தது. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து கதை படித்துக் காட்டிய பெண்கள் செய்த வேலை அது. எந்த மென்பொருளும் இதைவிட மலிவாக ஜெயித்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் நிறைய இருக்கும் பள்ளி என்றால், முதல் ஆண்டு ஏஐயை ஆசிரியர்களோடு நிறுத்திவிட்டு மீதியை மாலை வகுப்புக்கே கொடுங்கள்.

மற்றப் பள்ளிகளுக்கு என் பங்கீடு இது. ஆசிரியர் சந்தாவுக்கும் ஆண்டு முழுக்கப் பயிற்சிக்கும் ஒன்றரை லட்சம். லேபைச் சரிசெய்யவும் பேட்டரி மாற்றவும் ஒரு லட்சம். பயிற்சி மென்பொருளுக்கு, ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மட்டும், கணக்குப் பாடத்துக்கு மட்டும், ஒரு லட்சத்துக்குள் பேசி முடிக்கப் பார்க்கலாம். ஊரிலேயே பட்டம் படித்துவிட்டு இருக்கும் ஒருவரை லேபில் பிள்ளைகளோடு இருக்க மாதம் 8,000 ரூபாய்க்கு வைத்தால் பத்து மாதத்துக்கு 80,000. லேபுக்குப் பொறுப்பாளர் ஏற்கெனவே இருந்தாலும் இந்த ஆள் வேண்டும், ஏனென்றால் இவர் கணினியைப் பார்க்க வரவில்லை, பிள்ளையைப் பார்க்க வருகிறார். மீதி 70,000 கையிருப்பு. ஒன்பது, பத்து வகுப்புகளுக்குச் சாட்பாட் வேண்டுமென்றால், பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆசிரியரின் கணக்கில், ஆசிரியர் முன்னிலையில், லேப் திரையில் எல்லோரும் பார்க்கும்படி பயன்படுத்தலாம். அதற்குத் தனிச் செலவு கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். தென்கொரியா 2025 மார்ச்சில் ஏஐ பாடநூல்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் ஏற்கவில்லை. அதே ஆகஸ்டில் பாடநூல் என்ற தகுதியை அவர்களின் நாடாளுமன்றமே எடுத்துவிட்டு, வெறும் துணைக்கருவி ஆக்கிவிட்டது. அவ்வளவு பணமும் இணைய வசதியும் உள்ள நாட்டில் நடந்தது இது. நாம் ஜூனில் ஆசிரியர்களோடு ஆரம்பிப்போம், காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு லேபைத் திறப்போம்.

மென்பொருள் நிறுவனம் தரும் அறிக்கையை வைத்து இரண்டாம் ஆண்டுப் பணத்தை முடிவு செய்யாதீர்கள். எத்தனை பிள்ளைகள் எத்தனை மணி நேரம் உள்நுழைந்தார்கள் என்பது மட்டுமே அதில் இருக்கும். லேப் திறக்கும் முன்பு, ஜூலையில், ஆசிரியர்களே தயாரித்த ஒரு கணக்குத்தாள், மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை உள்ள கணக்குகள் கலந்தது, காகிதத்தில். மார்ச்சில் அதே தரத்தில் இன்னொரு தாள், அதுவும் காகிதத்தில், எந்தக் கருவியும் இல்லாமல். இரண்டையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூலையில் வகுத்தல் தெரியாத பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மார்ச்சில் வந்திருந்தால் சந்தாவைப் புதுப்பிக்கலாம். வராவிட்டால் அந்தப் பணத்தை மாலை வகுப்புக்கு மாற்றிவிடலாம்.